வெளிக்குப் போகும்போது இரத்தம் கண்டால்: இருபதுகளில் இருக்கிறவர்களுக்கு

முதல் வேலையாக மலசலகூடத்துப் பல்பை மாற்றுங்கள். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் வெளியே தனியாக நிற்கிறது, உள்ளே மஞ்சளாக ஒரு குண்டு பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் எது இரத்தம், எது மத்தியானம் சாப்பிட்ட பீட்ரூட் என்று தெரியாமல் என் 26 வயதில் நான்கு மாதம் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். வெள்ளை எல்ஈடி பல்பு போட்ட அன்றைக்குத்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. நான் கண்டது இரத்தம்தான். ஆனால் அது மலத்தோடு கலந்து வரவில்லை, போய் முடியும் நேரத்தில் பளிச்சென்ற சிவப்பில் சொட்டாக விழுகிறது. பிறகு டொக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "கலந்து வருதா, தனியா வருதா?"

அதற்குப் பிறகு என்னைவிட இளைய நாலைந்து பேர் இதே பிரச்சினையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். வரும்போது எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். "அக்கா, உங்களுக்கு அந்த வருத்தம் இல்லைதானே?" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் கான்சர் என்ற சொல்லை லேசில் வாயால் எடுக்க மாட்டார்கள், கான்சர் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரைச் சொல்லி "மஹரகமவுக்குக் கொண்டு போயிட்டாங்களாம்" என்றால் போதும், கேட்டவர் முகம் மாறிவிடும். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, திருகோணமலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். டொக்டரிடம் போகும் வரைக்கும், போன பிறகும், நாம் செய்ய வேண்டிய பங்கைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

பயத்தின் அளவை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். இருபதுகளில் பெருங்குடல் புற்றுநோய் வருவது அரிது. இந்த வயதில் மலத்தோடு இரத்தம் போனால் பெரும்பாலும் மூலம், ஆசனவாயில் வெடிப்பு, கிருமித் தொற்று, குடல் அழற்சி இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதே நேரம் 50 வயதுக்குக் கீழ் இருக்கிறவர்களிடம் இந்த நோய் 1990கள் தொடக்கம் பல நாடுகளில் கூடிக்கொண்டு வருகிறது என்பதும் உண்மை. நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களும் 50 வயதில் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி வந்த அமெரிக்காவில் 2021 இல் அதை 45 ஆகக் குறைத்தார்கள். நடிகர் சாட்விக் போஸ்மன் 2020 இல் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. ஆகவே "உங்களுக்கு இந்த வயதில் அதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் அது ஆறுதல் வார்த்தை, பரிசோதனை முடிவு இல்லை. அதே மாதிரி ராத்திரி இரண்டு மணிக்கு போனில் வாசித்துவிட்டு நீங்களே எடுக்கிற முடிவும் பரிசோதனை முடிவு இல்லை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு பகலில் ஒரு டொக்டர் முன்னால் போய் உட்காருவது எப்படி என்பதுதான் விஷயம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கீழே நான் சொல்லப் போகிற மாதிரிக் கொப்பியில் குறிப்பது, நாள் எண்ணுவது எல்லாம் இவர்களுக்கு இல்லை: இரத்தம் கட்டி கட்டியாக அல்லது நிற்காமல் போகிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது, தார் மாதிரிக் கறுத்து ஒட்டுகிற மலம் நாற்றத்தோடு போகிறது, வயிறு ஊதிக் கல்லாகி மலமும் காற்றும் போகாமல் வாந்தி வருகிறது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போங்கள், ஓட்டோ கிடைக்காவிட்டால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன், இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கும் மலம் கறுப்பாகத்தான் போகும், அது தார் மாதிரி ஒட்டாது. சந்தேகமாக இருந்தால் போய்க் காட்டுவதே நல்லது.

கொப்பி

மற்றவர்கள் ஒரு சின்னக் கொப்பி எடுங்கள். போனில் வேண்டாம், போனைத் திறந்தால் எழுதுவதற்குப் பதிலாகத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். இரண்டு கிழமைக்கு, ஒரு நாளைக்கு ஒரு தரம், ஐந்து வரி. டொக்டரைப் பார்க்க அதற்கு முன்னாலேயே திகதி கிடைத்தால் இருக்கிற நாட்களோடு போங்கள், கொப்பிக்காகப் பயணத்தைத் தள்ளிப் போடக் கூடாது.

எழுத வேண்டியதில் முக்கியமானது இரத்தம். வெளிநாட்டுக்காரர் எழுதுகிற குறிப்புகளில் "துடைத்த தாளில் பாருங்கள்" என்று இருக்கும். நாங்கள் தண்ணீரால் கழுவுகிறவர்கள், கழுவின உடனே எல்லாம் போய்விடும், மிஞ்சுவது பயம் மட்டும்தான். அதனால் இந்த இரண்டு கிழமைக்கு மட்டும் ஒரு டிஷூ பக்கெட் வாங்கி வைத்து, கழுவுவதற்கு முன்னால் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். தாளில் மட்டும் இருக்கிறதா, கோப்பைத் தண்ணீரில் சொட்டியிருக்கிறதா, மலத்தின் மேல் கோடு மாதிரி இருக்கிறதா, மலத்துக்குள்ளேயே கலந்திருக்கிறதா, சளி மாதிரி ஏதாவது சேர்ந்து வருகிறதா. நிறம் பளிச்சென்ற சிவப்பா, கருஞ்சிவப்பா. தண்ணீரில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்தாலே கோப்பை முழுக்கச் சிவந்து போகும், அதைப் பார்த்து "அரை லீற்றர் போச்சு" என்று கணக்குப் போடாதீர்கள். முதல் நாள் பீட்ரூட் கறியோ சிவப்பு டிராகன் பழமோ சாப்பிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பிறகு மலத்தின் தன்மை. பிரிஸ்டல் அட்டவணை என்று 1 முதல் 7 வரை ஒரு கணக்கு இருக்கிறது, உலகம் முழுக்க டொக்டர்மார் அதைத்தான் பாவிக்கிறார்கள். 1 என்றால் தனித்தனி உருண்டை, திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் போட்டு வைத்திருக்குமே அந்தப் புழுக்கை மாதிரி. 3, 4 என்றால் வாழைப்பழம் போல ஒழுங்காகப் போவது. 7 வெறும் தண்ணீர். இலக்கத்தை மட்டும் எழுதினால் போதும். உங்களுக்கு வழக்கமாக எப்படி, இப்போது எப்படி என்கிற வித்தியாசம்தான் முக்கியம், தினமும் மூன்று தரம் போவது சிலருக்குப் பிறந்ததிலிருந்தே வழக்கம்.

வலி எங்கே, எப்போது. வெளிக்குப் போகும்போது கண்ணாடித் துண்டால் கீறுகிற மாதிரி எரிந்து, பிறகும் ஒரு மணித்தியாலம் கடுத்துக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. வயிறு பிசைந்து, போய் வந்ததும் அடங்கினால் வேறு கதை. நித்திரையில் இருக்கிற ஆளை வயிற்றுப்போக்கு எழுப்புகிறதா என்பதை மறக்காமல் குறியுங்கள், டொக்டர்மார் அதற்கு நல்ல கனம் கொடுப்பார்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களையும் பக்கத்தில் எழுதுங்கள். இரத்தம் எங்கிருந்து வந்தது என்ற குழப்பமும் தீரும், மாதவிடாயோடு சேர்ந்து சேர்ந்து வருகிற குடல் வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

நிறை. தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை, ஒரே தராசில். சாப்பாட்டைக் குறைக்காமல் ஆறு மாதத்துக்குள் 60 கிலோ ஆள் 57 ஆனால் அது சொல்ல வேண்டிய விஷயம். ஒரு பயத்தில் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து குறைந்தது அந்தக் கணக்கில் வராது.

கொப்பி எழுதி மூடினால் அன்றைக்கு அந்த வேலை முடிந்தது. நாளுக்குப் பத்துத் தரம் போய்ப் பார்ப்பது, வயிற்றை அமுக்கி அமுக்கிக் கட்டி தேடுவது இரண்டையும் நிறுத்துங்கள். நான் இடது பக்க அடிவயிற்றை ஒரு மாதம் அமுக்கினேன், கடைசியில் அந்த இடம் உண்மையிலேயே நோகத் தொடங்கிவிட்டது, அந்த நோவை வைத்து இன்னும் இரண்டு கிழமை பயந்தேன்.

வீட்டில் கேட்க வேண்டியது

டொக்டர் கட்டாயம் கேட்பார்: குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் என்றால் அதற்கு முதல் இடம், அதுவும் 50 வயதுக்கு முன்னால் வந்திருந்தால் இன்னும் முக்கியம். லின்ச் என்று பரம்பரையாக வருகிற ஒரு நிலை இருக்கிறது, அது இருக்கிற குடும்பங்களில் குடல் புற்றுநோயோடு கர்ப்பப்பைப் புற்றுநோயும் வரும். அதனால் குடலை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எடுப்பது சுலபமில்லை. 1990 இல் ஒரு இடப்பெயர்வு, 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் இன்னொன்று, நடுவில் 2004 சுனாமி, யார் வீட்டில் மருத்துவத் துண்டு மிஞ்சியிருக்கிறது? கேட்டால் "வயித்துக்குள்ள கட்டி", "வயித்து வலி வந்து படுத்தவர், எழும்பேல்ல" என்றுதான் சொல்வார்கள். அதையும் எழுதுங்கள். என்ன வயதில் என்று கேளுங்கள், வயது தெரியாவிட்டால் "மூத்த மகனுக்கு அப்ப எத்தனை வயது" என்று கேட்டால் அம்மம்மாமார் டக்கென்று கணக்குச் சொல்வார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தங்களுக்கு வட்ஸ்அப்பில் கேளுங்கள், ஊரில் மறைத்து வைத்த பல விஷயங்கள் அங்கே போனவர்களுக்குத் தெரியும். என் அப்பாவின் மூத்த அக்கா, நான் பிறக்க முதலே இறந்தவர், அவருக்கு 44 வயதில் வந்தது பெருங்குடல் புற்றுநோய் என்று கனடாவில் இருக்கிற மச்சாள்தான் எனக்குச் சொன்னாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அது "கட்டி" மட்டும்தான்.

டொக்டரிடம்

இரத்தம் போவது, மலம் போகும் விதம் மாறி மூன்று கிழமையாகத் திரும்பாமல் இருப்பது, விடாத வயிற்று வலி, காரணம் இல்லாத நிறைக் குறைவு, இரத்தச் சோகை என்று ரிப்போட் வந்திருப்பது, இதில் எது இருந்தாலும் காட்டுங்கள். அமெரிக்காவில் 50 க்குக் கீழ் இந்த நோய் வந்தவர்களை வைத்து 2023 இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய மாதங்களில் கூடுதலாகத் தெரிந்தவை என்று நான்கைச் சொன்னது: வயிற்று வலி, மலவாயில் இரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வருகிற சோகை. இந்த நான்கும் சாதாரண வருத்தங்களிலும் வருபவைதான். ஒன்றுக்கு மேல் சேர்ந்து இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

அதற்கு முன்னால் பாமசியில் "வயித்துக்கு ஒரு குளிசை" என்று கேட்டு அன்டிபயோடிக் வாங்கிப் போடாதீர்கள். வலிக்கு டைக்ளோபினக் மாதிரியான குளிசையும் வேண்டாம், அதுவே குடலில் இரத்தக் கசிவைக் கொண்டுவரும். மூலத்துக்குக் கருணைக்கிழங்கு சமைத்துத் தருகிற அம்மாவிடம் சண்டை பிடிக்கத் தேவையில்லை, சாப்பிடுங்கள், சாப்பிட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள்.

எங்கே போவது? திருகோணமலை பெரியாஸ்பத்திரி ஓபிடிக்குப் போகலாம், கிண்ணியா, மூதூர், கந்தளாய்க்காரர் பக்கத்தில் இருக்கிற ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம், அங்கிருந்து சேர்ஜிகல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். வசதி இருந்தால் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நம்பர் எடுத்து, பார்க்கலாம். நான் முதலில் சனல் பண்ணித்தான் போனேன். இரண்டு நிமிஷம். "பைல்ஸ், இந்தக் கிறீமைப் பூசுங்கோ." கதிரையை விட்டு என்னை எழும்பச் சொல்லவே இல்லை. எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது, உடுப்பைக் கழற்றாமல் தப்பினேன் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு மாதம் போனது. ஆகவே மூலம் என்று யார் சொன்னாலும் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், பார்த்துச் சொல்ல ஏலுமா?" மூலம் இருப்பதாலேயே மேலே வேறொன்றும் இல்லை என்று ஆகாது.

பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாமல்தான் பாதிப் பயம். இடது பக்கமாகச் சரிந்து படுத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொல்வார்கள். மேலே துணி போர்த்தியிருக்கும். முதலில் வெளியே பார்ப்பார்கள், பிறகு கையுறை போட்ட விரலில் ஜெல் பூசி உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். மூச்சை ஆறுதலாக விட்டால் ஒரு நிமிஷம்கூட இல்லை. வெடிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் நோகும், நோகுது என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். பெண் பிள்ளைகள் லேடி டொக்டர் இருக்கிறாரா என்று கேட்கலாம், இல்லாவிட்டால் ஒரு தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதில் ஒரு பிழையும் இல்லை, கூட்டிக்கொண்டு போன அம்மாவையோ தங்கையையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் வெட்கத்தில் "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்று தொடங்கினால் அந்தக் காலைச் சனத்துக்குள் வயிற்று அமிலத்துக்கான குளிசையோடு வெளியே வந்துவிடுவீர்கள். முதல் வசனத்திலேயே போட்டு உடையுங்கள். நான் கொப்பியில் எழுதி வைத்து அப்படியே வாசித்தேன்: "டொக்டர், எனக்கு 26 வயது. நாலு மாதமா மலம் போகேக்க இரத்தம் சொட்டுது, கிழமைக்கு மூண்டு நாலு தரம். களைப்பா இருக்கு, படி ஏற மூச்சு வாங்குது. அப்பாவின்ட அக்காவுக்கு 44 வயதில குடலில கான்சர்." அரை நிமிஷம். அந்த லேடி டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பரிசோதனைகள், அவை சொல்லாதவை

முதலில் இரத்தம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 க்குக் கீழே என்றால் சோகை. குறைவாக இருந்தால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற பெரிட்டினும் பார்ப்பார்கள், காரணம் இரும்புக் குறைவா, பரம்பரையாக வருகிற தலசீமியா மாதிரி வேறொன்றா என்று பிரிக்க அது வேண்டும். இளம் ஆண் ஒருவருக்கு இரும்புக் குறைவு இருந்தால், "சத்துக் குளிசை போடுங்கோ" என்பதோடு விடக் கூடாது, இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். பெண்களுக்குக் கூடுதலாக மாதவிடாய்தான் காரணம். என்றாலும் குடல் பிரச்சினையும் சேர்ந்திருந்தால் இரண்டையும் சொல்லுங்கள்.

மலப் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் பார்க்கிறது ஒன்று, கிருமி பார்க்கிறது ஒன்று, கல்ப்ரொடெக்டின் என்று குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிறது ஒன்று. கல்ப்ரொடெக்டின் 50 க்குக் கீழே என்றால் அழற்சி நோய் இருக்கிற வாய்ப்புக் குறைவு.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புகிற இரண்டு. ஒன்று, வயிற்றுக்கு மேலால் ஜெல் பூசி எடுக்கிற ஸ்கேன். "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்டும் இல்லை" என்று நிம்மதியாகத் திரிகிற நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்கேன் ஈரல், பித்தப்பை, சிறுநீரகத்துக்கு நல்லது, பெருங்குடலின் உட்சுவரில் இருக்கிற சின்ன வளர்ச்சியை அது காட்டாது. மற்றது, சீஈஏ என்கிற இரத்தப் பரிசோதனை. நீங்களாகப் போய் லாபில் காசு கொடுத்து அதைச் செய்யாதீர்கள். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு நோய் இல்லாமலே கூடும், நோய் ஆரம்பத்தில் இருக்கிற ஆளுக்குச் சாதாரணமாகவே இருக்கலாம். ஏற்கனவே நோய் கண்டவர்களைக் கவனிப்பதற்கான பரிசோதனை அது. சும்மா செய்தால் தேவையில்லாத பயமோ பொய்யான நிம்மதியோதான் மிஞ்சும்.

உள்ளே பார்த்துத் தீர்மானிக்கிறது கொலனோஸ்கோபி. எல்லோருக்கும் வேண்டியதில்லை, டொக்டர் தேவை என்றால்தான். வளைகிற குழாயில் கமரா, ஒன்றரை மீற்றர் அளவான பெருங்குடல் முழுக்கப் பார்த்து, பொலிப் என்கிற சதை வளர்ச்சி இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது நோகாது, குடலின் உட்தோலுக்கு வெட்டு வலி தெரியாது. பொலிப் ஒன்று புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல வருடம் பிடிக்கும், அதனால் அதை எடுப்பது பார்ப்பது மட்டுமில்லை, தடுப்பதும்தான். ஒருவேளை நோயே இருந்து, குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் அமெரிக்கக் கணக்கில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். பயத்தில் ஒளிந்திருந்த என்னை எழுப்பியது இந்தக் கணக்கு.

ஆயத்தம்தான் கஷ்டம். கிளினிக்கில் தருகிற துண்டில் இருப்பதுதான் சட்டம், நான் சொல்வது அதற்குத் துணை. இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்து கீரை, குரக்கன், கொய்யா, தக்காளி, விதை இருக்கிற எதையும் விட்டுவிடுங்கள், வெள்ளைச் சோறு, முட்டை, தோல் இல்லாத கோழி, மீன் போதும். இரும்புக் குளிசை போடுகிறீர்கள் என்றால் எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள், வழக்கமாக ஒரு கிழமை முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். இரத்தத்தை ஐதாக்குகிற மருந்து, நீரிழிவு மருந்து போடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் நாள் தெளிந்த திரவம் மட்டும்: பிளேன்டீ, இளநீர், வடித்த சூப், ஜீவனி. நெக்டோ மாதிரிச் சிவப்பு நிறத்தில் எதையும் குடிக்கக் கூடாது, உள்ளே பார்க்கும்போது இரத்தம் மாதிரித் தெரியும். குடலைச் சுத்தமாக்கத் தருகிற பேதிப் பவுடரைக் கரைத்துக் குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு கிளாஸுக்கும் பிறகு எலுமிச்சம்பழத் துண்டை ஒருமுறை நக்கினால் இறங்கும். கடைசியில் போவது வெளிறின பிளேன்டீ மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். பின்பக்கம் எரியும், தொடங்க முதலே வஸ்லீன் பூசுங்கள். ஒரு கக்கூஸ் மட்டும் இருக்கிற வீடு என்றால் அன்றைக்கு வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எங்கள் வீட்டில் அப்பாவும் தம்பியும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

பரிசோதனைக்கு வெளியூர் போக வேண்டி வந்தால் பயணத்தை யோசித்துத் திகதி எடுங்கள். கொழும்பு எங்களிடமிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பவுடரைக் குடித்துவிட்டு ஹபரணை வழியால் போகிற இரவு பஸ்ஸில் ஏற முடியாது. முதல் நாளே போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில், கக்கூஸ் பக்கத்தில் இருக்கிற அறையில் தங்குங்கள். மயக்க ஊசி போடுவதால் கூட ஒரு ஆள் வேண்டும், அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓடவும் கூடாது.

இரவுகள்

திகதிக்குக் காத்திருக்கிற நாட்கள்தான் நோயைவிட மோசம். குடலுக்கும் மூளைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, பரீட்சை நாளில் வயிற்றைக் கலக்குவது எல்லோருக்கும் தெரியும். பயந்தால் வயிறு கலங்கும், கலங்கினால் அதை நோய்க்குறி என்று எடுத்து இன்னும் பயப்படுவோம். இதை உடைக்க எனக்கு உதவினதைச் சொல்கிறேன். போன் கக்கூஸுக்குள் வராது, அதற்கு இரண்டு காரணம், தேட மாட்டீர்கள், அரை மணித்தியாலம் குந்தியிருந்து மூலத்தைக் கூட்டவும் மாட்டீர்கள். ஐந்து நிமிஷத்தில் வராவிட்டால் எழும்புங்கள். வாசிக்கிறதென்றால் பகலில், ஒரு தரம், எழும் கேள்விகளைக் கொப்பியில் எழுதிவிட்டு மூடுங்கள். வீட்டில் ஒரே ஒரு ஆளுக்காவது சொல்லுங்கள். நான் அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் எடுத்தேன், சொன்னதும் அவர் அழுதார், அழுதுவிட்டு பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார், அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நம்பர் எடுக்க என்னோடு ஓபிடி வாசலில் நின்றார். பின்னேரத்தில் டச்பே கரையால் நடந்தோம், நடந்த நாட்களில் நித்திரை வந்தது. நித்திரையே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற யோசனை வருகிறது என்றால் வயிற்றுக்குக் காட்டுகிற மாதிரி அதற்கும் காட்ட வேண்டும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அடிக்கலாம்.

முடிவு வந்த பிறகு

எனக்கு ஹீமோகுளோபின் 9.8. இரத்தம் சொட்டியது பின்பக்க வெடிப்பிலும் சின்ன உள்மூலத்திலும் இருந்து, சோகை பெரும்பாலும் மாதவிடாயால். குடல் சுத்தம். வெடிப்புக்கு டொக்டர் தந்த களிம்போடு இளம் சூட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிஷம் இருப்பது, மலத்தை இளக வைப்பது, இவ்வளவுதான் வைத்தியம். காலையில் பாண், இரவில் கொத்து, நடுவில் வடை என்று இருந்ததை மாற்றினேன்: சிவப்பரிசிச் சோறு, பொன்னாங்காணி, முருங்கைக்கீரை, பப்பாளி, கூடவே தண்ணீர். நார்ச்சத்தைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் இன்னும் இறுகும்.

எல்லாம் சரி என்று வந்தும் வயிறு பிசைந்து, போக்கும் சிக்கலும் மாறி மாறி வருகிறவர்களுக்கு ஐபிஎஸ் என்று சொல்வார்கள். வலி உண்மையானது, ஆனால் அது புற்றுநோயாக மாறுவதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பால் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் இரண்டு கிழமை பாலை நிறுத்திப் பாருங்கள், பால் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் எங்களில் நிறையப் பேர். ஆனால் நல்ல ரிப்போட் ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகாது. இரத்தம் போகும் விதம் மாறினால், சோகை திரும்ப வந்தால், நிறை இறங்கினால் மறுபடி போங்கள். ரிப்போட் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது அத்தையின் கதையைக் கேட்ட டொக்டர் என்னிடம் கேட்டது, "அப்பாவுக்கு என்ன வயது?" 58. கூடப் பிறந்த அக்காவுக்கு 44 இல் வந்திருக்கிறது என்றால் அப்பா 34 வயதிலிருந்தே குடலைப் பரிசோதித்துப் பார்த்திருக்க வேண்டிய ஆள். பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று நெருங்கிய உறவில் ஒருவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலிருந்து, அல்லது 40 இலிருந்து, எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும் என்பது வழக்கம். நான்கு மாதம் நான் என்னையே நினைத்துப் பயந்துகொண்டிருக்க, ஒரு நோய்க்குறியும் இல்லாமல் தினமும் காலையில் மீன் சந்தைக்குச் சைக்கிளில் போய் வருகிற அப்பாவை யாரும் நினைக்கவில்லை. முதலில் மாட்டேன் என்றார், பிறகு "நீ போனதுதானே" என்றார். அடுத்த மாதம் அவருக்குத் திகதி. எலுமிச்சம்பழமும் வஸ்லீனும் வாங்கியாச்சு, பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாச்சு.